ஒரு பேனருக்கு ஏன் இத்தனை கையெழுத்து?

உங்கள் சங்கம் நடத்தும் ஓவியக் கண்காட்சிக்காகக் கடைத்தெருவின் குறுக்கே மூன்று வாரம் ஒரு பேனர் தொங்கவிட விண்ணப்பித்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள், காப்பீட்டுச் சான்று கேட்டார்கள், பேனரில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று மாதிரி கேட்டார்கள், கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் அதே இடத்தில் வேறு யாருடைய நிகழ்ச்சிக்கோ பேனர் தொங்கியது. "ஒரு துணிக்கு இத்தனை கெடுபிடியா? எங்கள் வாசகம் பிடிக்காமல்தான் மறுத்தார்களா?" என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நகரம் எதைச் சரிபார்க்கிறது என்பது ஒன்று. எழுதியிருப்பதைப் பார்த்து மறுக்க அதற்கு உரிமை உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். ஒரு நகர நிர்வாகத்தின் பொறியியல் பிரிவில் பல வருடம் இந்த விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பெழுதியவன். இரண்டாவது சட்டம். நான் வழக்கறிஞர் இல்லை, தீர்ப்புகளைப் படித்துப் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். எந்த நகரம் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லா இடத்துக்கும் பொருந்துவதைத்தான் பேச முடியும். நாட்களும் அளவுகளும் ஊருக்கு ஊர் மாறும்.

விண்ணப்பம் மேசைக்கு வந்ததும் பொறியாளர் துணியைப் பார்ப்பதில்லை. கயிறு எங்கே கட்டப்படுகிறது என்றுதான் பார்ப்பார். தெருவில் தொங்கும் நிகழ்ச்சி பேனர்கள் மூன்று வகை. சாலையின் குறுக்கே இரு பக்கமும் கட்டித் தொங்கவிடுவது, தெருவிளக்குக் கம்பத்தில் செங்குத்தாக மாட்டுவது, தரையில் சட்டம் அடித்து நிறுத்துவது. மூன்றுக்கும் விதி வேறு, ஆபத்து வேறு. பொதுவாக மக்கள் பயப்படுவது பெரிய சட்டம் அடித்த பேனருக்கு. பொறியாளர் அதிகம் பயப்படுவது குறுக்கே கட்டும் பேனருக்கு. ஏனென்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்ப ஏறும். வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் இருமடியை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு 25 மீட்டர். அழுத்தம் 375 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ. 12 மீட்டர் அகலத் தெருவின் குறுக்கே ஒரு மீட்டர் உயரத்துக்கு முழு நீளப் பேனர் கட்டினால், காற்று தள்ளுவது மொத்தம் 460 கிலோவுக்கு அருகில். இரண்டு முனைக்கும் பாதிப் பாதி என்றால் 230 கிலோதானே, இரண்டு நல்ல கொக்கி போதாதா என்று தோன்றும். கயிறு அப்படி வேலை செய்வதில்லை. பேனர் காற்றில் பக்கவாட்டில் வளைந்து நிற்கும்போது, நடுவில் எவ்வளவு தூரம் வளைகிறது என்பதைப் பொறுத்துத்தான் முனையில் இழுவை வரும். 60 சென்டிமீட்டர் வளைந்தால் ஒவ்வொரு முனையிலும் மேல் கயிறும் கீழ்க் கயிறும் சேர்ந்து இழுப்பது ஒரு டன்னைத் தாண்டும். 30 சென்டிமீட்டர்தான் வளைகிறது என்றால் அது இரண்டு டன்னுக்கும் மேல். பேனர் தொய்யாமல் விறைப்பாக, அழகாக நிற்க வேண்டும் என்று கட்டுபவர் எவ்வளவு இறுக்குகிறாரோ, அவ்வளவுக்குச் சுவரும் கம்பமும் கூடுதலாகச் சுமக்கின்றன. துணியின் வடிவத்தைப் பொறுத்த திருத்தங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பெரும்பாலும் எண்கள் கூடத்தான் செய்யும்.

இப்போது யோசியுங்கள்: அந்த ஒரு டன் போய் விழுவது எதன் மேல்? பழைய கட்டடத்தின் மாடிக் கைப்பிடிச் சுவர், ஒரு கடையின் சன்னல் மேலிருக்கும் செங்கல், யாரோ எப்போதோ அடித்த ஒரு கொக்கி. எனக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் பேனரின் நீள அகலம், நிறம், வாசகம் எல்லாம் விரிவாக இருக்கும். கயிறு எதில் கட்டப்படும் என்ற இடத்தில் "இருபுறமும் உள்ள கட்டடங்களில்" என்று ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். அதனால்தான் நிறைய நகரங்கள் குறுக்குப் பேனருக்கென்றே இரண்டு மூன்று இடங்களை ஒதுக்கி, அங்கே கணக்குப் போட்டு நட்ட இரும்புக் கம்பங்களும் நிலையான எஃகுக் கம்பிவடமும் வைத்திருக்கின்றன. அந்த இடங்களில் மட்டும்தான் அனுமதி. நீங்கள் கேட்ட இடம் அப்படி ஒதுக்கிய இடமா, இல்லையா என்பதை முதலில் பாருங்கள்.

பேனரில் அரைவட்டமாகக் காற்றுத்துளை வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். இதை நான் அளந்து பார்த்ததில்லை, ஆனால் கழற்றிய பேனர்களைப் பார்த்த வகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நான்கைந்து துளையால் குறையும் பரப்பு மிகக் கொஞ்சம், கிழிசல் தொடங்குவது பெரும்பாலும் அந்தத் துளையிலிருந்துதான். துணி முழுக்கச் சல்லடைபோல இருக்கும் மெஷ் வகை வேறு. அது உண்மையாகவே காற்றை விடும். ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே நைலான் பட்டை கொடுத்து, கயிறு கோக்கும் உலோக வளையங்களான ஐலெட்டுகளை அந்தப் பட்டையின் மேல் அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது துளையைவிட முக்கியம்.

விளக்குக் கம்பப் பேனர் சின்னதாகத் தெரியும், அதனால் "இதற்குமா?" என்பார்கள். இதற்கும்தான். முக்கால் மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், தரையிலிருந்து நடுமையம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றில் அது கம்பத்தின் அடியில் உண்டாக்கும் திருப்புத்திறன், அதாவது கம்பத்தைச் சாய்க்கப் பார்க்கும் திறன், எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் சாதாரண விளக்குத் தலை உண்டாக்குவதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கம்பத்தை வடிவமைத்தவர் விளக்கையும் கம்பத்தையும்தான் கணக்கில் எடுத்திருப்பார். பாய்மரம் கட்டப்போகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்பத்தின் அடியில் ஒயர் இணைப்புக்காக வெட்டிய சின்னக் கதவு இருக்கும். அந்த இடத்தில் தகடு ஏற்கெனவே பலவீனம், துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். பேனரைப் பிடித்திருக்க, காற்றடித்தால் வளைந்து கொடுக்கும் ஃபைபர் கைகள் இப்போது கிடைக்கின்றன, அவை சுமையைக் குறைக்கும். ஆனாலும் கம்பத்துக்குச் சொந்தக்காரர் நகராட்சியா மின் நிறுவனமா என்பது தனிக் கேள்வி. மின் நிறுவனத்தின் கம்பம் என்றால் நகராட்சி சரி சொன்னாலும் போதாது.

உயரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வாகனத்தின் உயர வரம்பு பொதுவாக 4 மீட்டர். பிரிட்டனில் பாலத்தின் அடி உயரம் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். இந்தியாவில் நகரப் பகுதிச் சுரங்கப் பாதைகளுக்குச் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பு) பரிந்துரைக்கும் உயரம் 5.5 மீட்டர். பேனரின் கீழ் விளிம்பு இந்த எல்லைகளுக்கு மேலே இருக்க வேண்டும், அதுவும் தொய்ந்து நிற்கும் நிலையில். கட்டிய அன்று அளந்தது கணக்கில்லை. ஒரு வாரம் கழித்து, மழையில் நனைந்து கீழிறங்கிய பிறகும் ஏணி ஏற்றிய தீயணைப்பு வண்டி போக வேண்டும். போக்குவரத்து விளக்கும் வழிகாட்டிப் பலகையும் மறையக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து 50 மீட்டர், 100 மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது பேனர் சரியாக விளக்கின் மேல் வந்து விழுவதை மட்டும் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே ஒருவர் நேரில் வந்து நின்று பார்ப்பார். அந்த ஒரு வருகைக்கு ஆள் கிடைக்காமல்தான் பல கோப்புகள் தூங்குகின்றன.

தரையில் நிற்கும் பேனர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுத் தடுப்பில் நிறுத்தியிருந்த ஒரு திருமண பேனர், ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனருக்கு அனுமதியே வாங்கவில்லை. பேனர் மனிதரைக் கொல்ல அதன் எடை தேவையில்லை, ஓடும் வண்டியை ஒரு விநாடி தடுமாற வைத்தால் போதும். தமிழ்நாடு உட்படச் சில இடங்களில் அனுமதி எண்ணையும் அச்சடித்தவர் பெயரையும் பேனரிலேயே போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. என்னைக் கேட்டால் இது எந்த அபராதத்தையும்விட நல்ல விதி. எண் இல்லாத பேனரைத் தெருவில் போகிற யாரும் அடையாளம் காணலாம், அச்சகமும் எண் கேட்காமல் அச்சடிக்கத் தயங்கும். எழுத்தில் இருக்கும் அளவுக்கு நடப்பிலும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அடுத்து, எத்தனை பேரிடம் போக வேண்டும் என்பது. இதில்தான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் விளம்பரத்துக்கான அனுமதியும் சாலைக்கு மேலே பொருளைக் கட்டுவதற்கான அனுமதியும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைகளின்படி, வணிக நோக்கமில்லாத உள்ளூர் நிகழ்ச்சிக்கு 0.6 சதுர மீட்டருக்குள் ஒரு தற்காலிக அறிவிப்பை, நிகழ்ச்சிக்கு 28 நாள் முன்பிலிருந்து வைக்கலாம். முடிந்த 14 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். இதற்குத் தனியாக விண்ணப்பமே தேவையில்லை. ஆனால் இது திட்டமிடல் சட்டம் தரும் சலுகை மட்டும். இடத்தின் உரிமையாளர் சம்மதம் தனியாக வேண்டும். சாலையின் குறுக்கே கம்பி, வடம் எதைக் கட்டினாலும் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி சாலை நிர்வாகத்தின் இசைவு வேண்டும். ஆக ஒரே பேனருக்குக் குறைந்தது இரண்டு சாவி. பெயரும் பிரிவு எண்ணும் மாறினாலும் பெரும்பாலான நாடுகளில் இதே அமைப்புதான். கடைத்தெரு உங்கள் ஊர்ச் சாலையா, மாநில நெடுஞ்சாலையின் ஒரு துண்டா என்று பாருங்கள். நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகிற இடம் என்றால் நகராட்சி நினைத்தாலும் தானாக அனுமதி தர முடியாது.

காப்பீடு கேட்டது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். அது துணிக்கு அல்ல, கீழே போகிற ஆளுக்கு. பேனர் விழுந்து ஒருவர் அடிபட்டால் முதலில் வழக்கு வருவது சாலைக்குச் சொந்தக்காரரான நகரத்தின் மேல், ஏனென்றால் அதனிடம்தான் பணம் இருக்கிறது. அதனால் உங்கள் பொறுப்புக் காப்பீட்டில் நகரத்தின் பெயரையும் கூடுதல் பயனாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: காப்பீட்டு நிறுவனம் தரும் ஒரு பக்கச் சான்றிதழும், பாலிசியிலேயே பெயரைச் சேர்க்கும் இணைப்புத் தாளும் வேறு வேறு. நகரம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. விண்ணப்பதாரர் முதலாவதைக் கொடுத்துவிட்டு "எல்லாம் கொடுத்தாச்சே" என்று காத்திருப்பார், இரண்டு வாரம் அப்படியே போகும்.

இரண்டு மாதம் முன்னால் வரச் சொல்வது பகட்டுக்கு இல்லை. போக்குவரத்துப் பிரிவு, காவல்துறை, மின்பிரிவு என்று கோப்பு சுற்றி வரும். ஒதுக்கிய இடங்களில் பல நகரங்கள் தங்கள் ஆட்களை வைத்தே ஏணி வண்டியில் ஏறிக் கட்டுகின்றன. அதற்கு ஒரு தடம் மூட வேண்டும், அதை அதிகாலையிலோ வாரத்தில் குறிப்பிட்ட நாளிலோதான் செய்வார்கள். இடங்கள் இரண்டு மூன்று, வாரங்கள் 52. ஒரு பேனருக்கு ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் என்பதுதான் பரவலான வழக்கம். நீங்கள் மூன்று வாரம் கேட்டிருக்கிறீர்கள். மறுப்புக்குக் காரணம் அந்த ஒரு எண்ணாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி வாசகம். மாதிரி கேட்டதாலேயே தணிக்கை என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத்தின் அளவு, எதிரொளிக்கும் பொருள் உண்டா, போக்குவரத்துப் பலகை போலத் தோற்றம் இருக்கிறதா, புரவலர் நிறுவனத்தின் சின்னம் எத்தனை சதவீதம் என்றெல்லாம் பார்க்க மாதிரி வேண்டும். கடைசிக் காரணம் மிகவும் சாதாரணமானது. நிகழ்ச்சியின் பெயர் சின்னதாகவும் பணம் கொடுத்தவரின் பெயர் பெரிதாகவும் இருந்தால் அது வணிக விளம்பரம் ஆகிவிடும், பல நகரங்களின் நிகழ்ச்சி பேனர் விதியில் அதற்கு இடமில்லை.

ஆனால் கருத்தைப் பார்த்து மறுக்கலாமா? இதில் அதிகம் வழக்காடியிருப்பது அமெரிக்கா, அதனால் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கில், பொதுக் கம்பங்களில் யாருமே எதையுமே ஒட்டக்கூடாது என்று நகரம் தடை போடலாம் என அங்கத்து உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது யாருக்குமே அனுமதி இல்லை என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்வது சரி. 2015இல் வந்த ரீட் எதிர் கில்பர்ட் வழக்கு கிட்டத்தட்ட உங்கள் பிரச்சினைதான். அரிசோனாவின் கில்பர்ட் நகரம் ஒரு கருத்தைச் சொல்லும் கொள்கைப் பலகைக்கு 20 சதுர அடி வரை இடம் கொடுத்தது. ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகைக்கு 6 சதுர அடிதான், அதுவும் நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை. சொந்தக் கட்டடம் இல்லாமல் இடம் மாறி மாறி வழிபாடு நடத்திய ஒரு சிறிய திருச்சபை வழக்குப் போட்டு ஜெயித்தது. பலகை என்ன சொல்கிறது என்பதை வைத்து விதி மாறக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். பாஸ்டன் நகர மன்றத்துக்கு முன்னால் மூன்று கொடிக்கம்பங்கள் உண்டு. 2005 முதல் 2017 வரை கேட்ட யாருக்கும் நகரம் மறுக்காமல், அதில் ஒரு கம்பத்தில் அவரவர் கொடியேற்ற விட்டது. பிறகு ஒரு கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் மறுத்தது. 2022இல் ஒன்பது நீதிபதிகளும் நகரம் செய்தது தவறு என்றார்கள். கம்பம் நகரத்தின் குரல் என்று சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்தே அதில் ஏறுவதை நகரம் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும் என்பது காரணம்.

தெளிவில்லாத பகுதியும் உண்டு. ரீட் தீர்ப்பிலேயே நீதிபதி அலிட்டோ, ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியின் பலகைக்குக் கால வரம்பு வைப்பது சரிதான் என்று தனியாக எழுதினார். நிகழ்ச்சிப் பலகை என்று தெரிந்துகொள்ளவே அதைப் படித்தாக வேண்டுமே, அப்புறம் எப்படி உள்ளடக்கத்தைப் பார்க்காத விதி ஆகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. படித்துப் பார்க்க வேண்டியிருந்தாலே அது உள்ளடக்க விதி என்ற அந்த இறுக்கத்தை 2022இல் ஆஸ்டின் நகர வழக்கு கொஞ்சம் தளர்த்தியது, முழுதாக அவிழ்க்கவில்லை. இந்தத் தீர்ப்புகள் எதுவும் அமெரிக்காவுக்கு வெளியே யாரையும் கட்டுப்படுத்தாது. இங்கிலாந்தில் அதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறார்கள்: விளம்பர இசைவைத் தோற்றப் பொலிவு, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். வேறு நாடு என்றால் சம நடத்தை, நியாயமான காரணம் போன்ற பொதுக் கோட்பாடுகள்தான் கைகொடுக்கும். அங்கே வாதம் எப்படிப் போகும் என்று உங்கள் ஊர் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பாரபட்சம் நடந்ததா என்பது, போன மாதம் தொங்கியது யாருடைய பேனர் என்பதைப் பொறுத்தது. அது நகரமே நடத்திய, அல்லது நகரம் இணைந்து நடத்திய நிகழ்ச்சி என்றால் உங்கள் வாதம் பலவீனம். தன் கம்பத்தில் தன் விழாவை மட்டும் அறிவிக்கிறேன் என்று ஒரு நகரம் சொல்லலாம், எழுத்தில் விதி வைத்து ஒழுங்காகக் கடைப்பிடித்தால். உங்களைப் போன்ற இன்னொரு தனியார் சங்கத்தின் பேனர் என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். பேனர் கொள்கையின் நகலைக் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் அந்த இடத்தில் யார் யாருக்கு, எந்தத் தேதிகளில் அனுமதி தரப்பட்டது என்ற பட்டியலைக் கேளுங்கள். தகவல் பெறும் உரிமை உள்ள நாடுகளில் இது மறைக்கக்கூடிய ஆவணம் அல்ல. நான் வேலை பார்த்த காலத்தில், கோபமாக எழுதிய பத்துப் பக்கக் கடிதத்தைவிட இந்தப் பட்டியலைக் கேட்டு வந்த ஒரு வரிதான் மேலதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டது என்றால் குறுக்குப் பேனரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தெருவைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு கடையின் சுவரில், உரிமையாளர் சம்மதத்தோடு, சுவரோடு ஒட்டிக் கட்டினால் சாலை அனுமதிச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஆனால் விளம்பர விதி பொருந்தும், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குறுக்கே கட்டத்தான் வேண்டும் என்றால், கயிறு கட்டும் இரண்டு முனைகளின் புகைப்படம், தரையிலிருந்து உயரம், துணி வகை, ஓரத் தையல், கட்டும் ஆள் யார், கழற்றும் தேதி ஆகியவற்றை முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள். அனுமதி கைக்கு வருவதற்கு முன் அச்சடிக்காதீர்கள். ஒரு திருத்தம் கட்டாயம் சொல்வார்கள். முன்பதிவு எந்த நாளில் தொடங்குகிறது என்றும் இப்போதே விசாரித்து வையுங்கள். சில ஊர்களில் அது ஜனவரி 1 இல்லை, நிதியாண்டின் முதல் வேலை நாள். நல்ல வாரங்கள் அன்று மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.